எச்சரிக்கை கேட்டவர்கள் ஏன் நகரவில்லை?

1970 நவம்பர் 12ஆம் தேதி இரவு, அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் கரையைக் கடந்த போலா புயலில் மூன்று லட்சத்துக்கும் ஐந்து லட்சத்துக்கும் இடைப்பட்ட மக்கள் மாண்டார்கள். எழுதிவைக்கப்பட்ட வரலாற்றில் இதைவிட அதிக உயிர்களைக் கொண்டுபோன புயல் இல்லை எனலாம். அடுத்த ஆண்டு நீல் ஃபிராங்க், எஸ்.ஏ. ஹுசைன் என்ற இரு வானிலையாளர்கள் அமெரிக்க வானிலைக் கழகத்தின் இதழில் இதைப் பற்றி எழுதினார்கள். அதில் வந்த ஒரு தகவல் ஆய்வாளர்களை இன்றும் உறுத்திக்கொண்டிருக்கிறது. புயல் தாக்கிய பகுதியில் பத்தில் ஒன்பது பேருக்கு அது வரப்போவது முன்பே தெரிந்திருந்தது. உறுதியான கட்டடங்களில் அடைக்கலம் தேடியவர்களோ நூற்றில் ஒருவர் அளவுதான்.

தெரிந்திருந்தும் ஏன் போகவில்லை? கடலோர மக்களுக்குப் புயலையும் வெள்ளத்தையும் பற்றிக் கற்பிப்பது என்றால் எதைக் கற்பிப்பது, யார் கற்பிப்பது, எப்போது கற்பிப்பது? ஒன்றரை நூற்றாண்டாக இந்தக் கேள்விக்கு வெவ்வேறு விடைகள் தரப்பட்டுள்ளன. ஒவ்வொரு விடையும் ஏதோ ஒரு பேரழிவின் மறுநாள் எழுந்தது. அடுத்த பேரழிவு அதன் ஓட்டையைக் காட்டியது. வங்காள விரிகுடாவின் கரைகளை மையமாக வைத்து, தேவைப்படும் இடங்களில் வெளியிலும் பார்த்து, அந்த விடைகளை இக்கட்டுரை மதிப்பிட முயல்கிறது.

கப்பலுக்காகப் பிறந்த எச்சரிக்கை

வங்கக் கடல் புயல்களைப் பற்றிப் பிறருக்குச் சொல்லித்தர முனைந்த முன்னோடி ஹென்றி பிடிங்டன். கல்கத்தாவில் கப்பல் விபத்துகளை விசாரிக்கும் மன்றத்தின் தலைவராக இருந்தவர். 'சைக்ளோன்' என்ற பெயரை உலகத்துக்குத் தந்தது 1848இல் அவர் மாலுமிகளுக்காக எழுதிய கையேடு. மாத்லா ஆற்றங்கரையில் புதுத் துறைமுகம் கட்ட அரசு திட்டமிட்டபோது, புயலோடு கடல் பொங்கிவந்து அந்த இடத்தை மூழ்கடிக்கும் என்று 1853இல் தலைமை ஆளுநருக்கு எழுதினார். அவர் பேச்சு எடுபடவில்லை. கேனிங் துறைமுகம் எழுந்தது; 1867இல் வந்த புயலோடு அழிந்தது. அறிவு இருந்தும் பயன்படாமல் போனதற்கு இந்தக் கடற்கரையின் முதல் பெரிய எடுத்துக்காட்டு ஏழை மீனவரோ உழவரோ அல்லர் என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். அது ஆட்சியாளர்களின் முடிவு.

1864 அக்டோபரில் கல்கத்தாவைத் தாக்கிய புயலில் ஏறத்தாழ 60,000 பேர் இறந்த பிறகு, 1865இல் அத்துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை முறை ஏற்படுத்தப்பட்டது. 1875இல் இந்திய வானிலைத் துறை பிறந்தது. நாம் இன்றும் செய்தியில் கேட்கும் 'எச்சரிக்கைக் கூண்டு' அந்த மரபில் வந்தது. பகலில் கூம்பும் உருளையும், இரவில் சிவப்பு வெள்ளை விளக்குகளும் ஏற்றி, துறைமுகத்தில் நிற்கும் கப்பலுக்கும் கடலில் வரும் கப்பலுக்கும் சேதி சொல்லும் ஏற்பாடு அது.

ஆனால் கூண்டின் எண்ணைக் கடற்கரை ஊர்கள் தமக்கான அளவுகோலாக எடுத்துக்கொண்டன. எட்டாம் எண்ணைவிட ஒன்பது மோசம், ஒன்பதைவிடப் பத்து மோசம் என்றே பொதுவாக நம்பப்படுகிறது. உண்மையில் எட்டுக்கும் ஒன்பதுக்கும் உள்ள வேறுபாடு கடுமையில் இல்லை. புயல் தன் பாதையில் துறைமுகத்தை இடப்புறம் விட்டுச் செல்லுமா, வலப்புறம் விட்டுச் செல்லுமா என்பதையே அவை சொல்கின்றன. பத்து என்றால் துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலோ கடக்கும். பதினொன்று, எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்பதற்கான குறி. மாலுமிக்கு இந்த வேறுபாடுகள் உயிர்காக்கும் தகவல்கள். குடிசையில் இருப்பவருக்கு, கடல் தன் வாசலுக்கு வருமா என்ற ஒரே கேள்விக்கு அதில் நேரான பதில் இல்லை. இதே எண்முறையை மரபுரிமையாகப் பெற்ற வங்கதேசத்திலும் இதே குறை நெடுங்காலமாகச் சுட்டப்பட்டுவருகிறது.

அறியாமைதான் காரணமா?

கூண்டு முறையோடு சேர்ந்து வளர்ந்த நம்பிக்கை ஒன்று உண்டு. மக்களுக்குத் தெரியாததால்தான் இறக்கிறார்கள். தெரிவித்தால் பிழைப்பார்கள் என்பது அது. வானொலி, துண்டறிக்கை, பள்ளிப் பாடம், சுவரொட்டி எல்லாம் இந்த நம்பிக்கையின் கருவிகள். போலா புயல் அதை ஆட்டிப்பார்த்தது என்றாலும் முழுக்கத் தள்ளிவிட முடியாது. தெரிந்தே ஆக வேண்டிய சில செய்திகள் இருக்கின்றன. அவை பெரும்பாலும் சரியாகச் சொல்லப்படுவதில்லை என்பதே என் கணிப்பு.

புயலின் கண் ஊரைக் கடக்கும்போது காற்று அடங்கி வானம் தெளியும். முடிந்துவிட்டது என்று வெளியே வருவோரை, சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் காற்று தாக்கும். இது முதலாவது. இரண்டாவது, 'கரையைக் கடக்கும் இடம்' என்று அறிவிக்கப்படும் ஒற்றைப் புள்ளியைப் பற்றியது. நம் கிழக்குக் கடற்கரையை நோக்கி மேற்கே நகரும் புயலில் மையத்துக்கு வடக்கே காற்று கடலிலிருந்து நிலத்தை நோக்கியும், தெற்கே நிலத்திலிருந்து கடலை நோக்கியும் வீசும். கடல் ஏறுவது பெரும்பாலும் வடக்குப் பக்கத்தில். தெற்கே கடல் உள்வாங்குவதும் உண்டு. ஆகவே புள்ளியிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் வடக்கே இருக்கும் ஊர், அதே தொலைவில் தெற்கே இருக்கும் ஊரைவிடக் கூடுதல் ஆபத்தில் இருக்கலாம். மேலும் அந்தப் புள்ளியே உறுதியானதன்று. இந்திய வானிலைத் துறையின் பாதைக் கணிப்பு கடந்த இருபது ஆண்டுகளில் வெகுவாக மேம்பட்டுள்ளது. அப்படியிருந்தும் 24 மணி நேரத்துக்கு முன் சொல்லும் இடத்தில் சராசரியாக 70, 80 கிலோமீட்டர் பிழை இருக்கவே செய்கிறது.

மூன்றாவதே முதன்மையானது. புயலில் காற்றைவிட நீரே அதிகம் கொல்கிறது. காற்றின் தள்ளலாலும் காற்றழுத்தக் குறைவாலும் கடல்மட்டம் உயர்ந்து நிலத்துக்குள் புகும் கடல் எழுச்சி, ஆழம் குறைந்த கடலில் கூடுதலாக உயரும். வங்கதேசக் கழிமுகமும் பாக் நீரிணையும் அப்படிப்பட்ட இடங்கள். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்ததும், பாம்பனிலிருந்து போன ரயிலை அதிலிருந்தவர்களோடு கொண்டுபோனதும் கடல். 1977 நவம்பர் 12இல் நாகப்பட்டினத்தில் ஒரு புயல் கரையேறியது. ஒரே வாரம் கழித்து ஆந்திராவின் திவிசீமையில் இன்னொன்று கரையேறி ஏறத்தாழ பத்தாயிரம் பேரைக் கொன்றது. அங்கும் கொன்றது கடல்நீர்தான்.

இப்படியிருக்க, நாம் புயலைத் தரம் பிரிப்பது காற்றின் வேகத்தால். மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதுதான் தலைப்புச் செய்தி. அமெரிக்கர்களும் இதே சிக்கலில் இருந்தவர்கள். 2005இல் கத்ரினா கரையேறியபோது மூன்றாம் வகைப் புயல். 2008இல் ஐக் இரண்டாம் வகைதான். இரண்டும் தம் வகைக்கு மிஞ்சிய கடல் எழுச்சியைக் கொண்டுவந்தன. 2010இல் சஃபிர்-சிம்ப்சன் அளவுகோலிலிருந்து கடல் எழுச்சியைப் பிரித்தெடுத்துக் காற்றுக்கு மட்டுமானதாக ஆக்கினார்கள். 2017இலிருந்து கடல் எழுச்சிக்குத் தனி எச்சரிக்கை வெளியிடுகிறார்கள். பிலிப்பைன்ஸில் 2013இல் ஹையான் புயல் டக்லோபன் நகரைத் தாக்கியபோது கடல் எழுச்சி பற்றிய எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. அது எப்படியிருக்கும் என்று மக்களுக்கு விளங்கவில்லை. சுனாமி போல் வரும் என்று சொல்லியிருந்தால் ஓடியிருப்போம் என்று பிழைத்தவர்கள் பலர் பின்னர் கூறினார்கள். ஆகவே அறியாமை வாதம் பொய்யன்று. எதை அறியவில்லை என்பதை அது சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை என்று சொல்வதே பொருந்தும்.

மனம் போடும் கணக்கு

அடுத்த விடை அமெரிக்கப் புவியியலாளர் கில்பர்ட் வைட்டிடமிருந்து தொடங்குகிறது. வெள்ளத்துக்கு மனிதர் தம்மை எப்படிப் பொருத்திக்கொள்கிறார்கள் என்ற அவருடைய 1945ஆம் ஆண்டு ஆய்வு, அணையும் கரையும் கட்டக் கட்ட வெள்ளச் சேதம் குறையாமல் கூடுவதைக் கவனித்தது. தடுப்புச் சுவர் எழுந்தால் அதன் நிழலில் வீடுகள் எழுகின்றன. மக்கள் ஆபத்தை மறக்கிறார்கள். சுவரை மீறும் வெள்ளம் ஒரு நாள் வரும்போது இழப்பு முன்னைவிடப் பெரிதாகிறது. வைட்டும் அவருடைய வழிவந்தவர்களும் ஆபத்தை மக்கள் எப்படி உணர்கிறார்கள், கடந்த அனுபவம் எப்படி முடிவை வளைக்கிறது என்று பல நாடுகளில் கேட்டறிந்தார்கள். வங்கதேசக் கடற்கரையும் அதில் இருந்தது.

இந்தப் பார்வையில் எழுந்த பெரிய விவாதம் பொய்த்துப்போன எச்சரிக்கையைப் பற்றியது. போலா புயலுக்கு முந்தைய மாதமும் அதே கடற்கரைக்கு ஒரு புயல் எச்சரிக்கை தரப்பட்டது. வந்த புயல் அஞ்சியபடி இல்லை. நவம்பரில் மக்கள் அசட்டையாக இருந்ததற்கு அதுவே காரணம் என்று பலர் எழுதியுள்ளனர். 'புலி வருது, புலி வருது' கதையைச் சொல்லி வளர்ந்த நமக்கு இந்த விளக்கம் உடனே பிடித்துவிடும். ஆனால் சான்றுகள் ஒரே பக்கம் சாய்வதில்லை. 1996இல் தென் கரோலினாவை நோக்கிவந்து விலகிய பெர்த்தா, ஃபிரான் புயல்களுக்குப் பிறகு கிர்ஸ்டின் டவ், சூசன் கட்டர் இருவரும் நடத்திய ஆய்வில், முந்தைய வீண் அலைச்சல் அடுத்த முறை வெளியேறும் முடிவைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்று தெரிந்தது. சூறைச்சுழல்கள் பற்றி கெவின் சிம்மன்ஸ், டேனியல் சட்டர் 2009இல் வெளியிட்ட ஆய்வோ, பொய் எச்சரிக்கை மிகுந்த வட்டாரங்களில் உயிரிழப்பு கூடுவதாகக் கண்டது. ஆபத்தின் வகை வேறு, வெளியேறுவதற்கான செலவு வேறு. சொந்தக் காரில் போய் விடுதியில் தங்கக்கூடியவரின் வீண் அலைச்சலும், கைக்குழந்தையோடு சேற்றில் நடந்து போனவரின் வீண் அலைச்சலும் ஒன்றாக இருக்க முடியாது. ஆகவே அமெரிக்க முடிவுகளை அப்படியே நம் கரைக்குக் கொண்டுவருவதில் எச்சரிக்கை தேவை.

இந்தப் பள்ளியின் பெரிய பலவீனம் வேறொன்று. முடிவெடுக்கும் சுதந்திரம் எல்லோருக்கும் இருப்பதாக அது எடுத்துக்கொண்டது. 1983இல் கென்னத் ஹியூவிட் தொகுத்த நூலும், 1994இல் பிளெய்கி, கேனன், டேவிஸ், விஸ்னர் நால்வரும் எழுதிய நூலும் இந்த இடத்தில்தான் அதை மறித்தன. தாழ்வான மணல்திட்டில் குடியிருப்பவர் ஆபத்தைத் தவறாகக் கணித்து அங்கே போகவில்லை. வேறு நிலம் இல்லாததால் போனார். அவருக்குக் கற்பிக்கப் புறப்படுவதற்கு முன், அவர் அங்கே இருப்பதற்கான காரணத்தைக் கேட்க வேண்டும் என்றது இந்த எதிர்வாதம்.

போவதற்கு ஓர் இடம்

எதிர்வாதத்துக்கு மிக வலுவான சான்று 1991 ஏப்ரல் 29 இரவு சிட்டகாங் கடற்கரையைத் தாக்கிய புயலிலிருந்து வந்தது. ஏறத்தாழ 1,38,000 பேர் இறந்தார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் இதழில் 1993இல் வெளிவந்த கள ஆய்வு ஒன்று, பிழைத்த குடும்பங்களிடம் யார் எங்கே இருந்தார்கள் என்று கேட்டது. செங்கல், கான்கிரீட் கட்டடத்தை அடையாதவர்களில் 22 விழுக்காட்டினர் இறந்திருந்தார்கள். அடைந்தவர்களில் ஒருவரும் இறக்கவில்லை. பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளும் நாற்பது வயதைக் கடந்த பெண்களும் இறந்தோரில் மிகுந்திருந்தார்கள்.

புயல்கல்வி பற்றிய எந்தப் பேச்சும் இந்த எண்களைத் தாண்டிப் போக முடியாது என்று கருதுகிறேன். 1970இல் நூற்றில் ஒருவரே உறுதியான கட்டடம் தேடினார் என்ற செய்தியை இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டும். அன்றைய கழிமுகத் தீவுகளில் அப்படிப்பட்ட கட்டடங்கள் எத்தனை இருந்திருக்கும்? மக்கள் எச்சரிக்கையைப் புறக்கணித்ததாகக் கொள்வதைவிட, எச்சரிக்கை சொன்னதைச் செய்ய வழியில்லாமல் இருந்ததாகக் கொள்வது பெருமளவு பொருந்தும்.

வங்கதேசம் இதற்குத் தந்த பதில் புயல் ஆயத்தத் திட்டம். 1972இல் செஞ்சிலுவை அமைப்புகளின் முயற்சியில் தொடங்கி, 1973இல் அரசும் சேர்ந்துகொண்டது. அந்தந்த ஊர்க்காரர்களே தொண்டர்கள். கொடி ஏற்றுவது, கையில் மெகாபோனோடு வீடு வீடாகப் போவது, கிழவர்களைத் தூக்கிப்போவது, காப்பகத்தைத் திறப்பது, புயலுக்குப் பின் முதலுதவி என எல்லாம் அவர்கள் பொறுப்பு. இன்று எழுபத்தாறாயிரம் பேர் அளவில் இருக்கிறார்கள். பாதிப் பேர் பெண்கள். காப்பகங்கள் 1991இல் சில நூறாக இருந்தவை பின்னர் சில ஆயிரமாயின. கால்நடைகளுக்காக 'கில்லா' எனப்படும் மண்மேடுகள் எழுப்பப்பட்டன.

இந்த விவரங்கள் ஒவ்வொன்றும் ஒரு பாடத்தின் விளைவு. 1991இல் பெண்கள் பலர் காப்பகத்துக்கு வரத் தயங்கியதற்கு அங்கே தனி இடமும் கழிப்பறையும் இல்லாதது ஒரு காரணம். வீட்டு ஆண் வந்து சொல்லும்வரை வெளியேறக்கூடாது என்ற வழக்கம் இன்னொன்று. ஆண் தொண்டர் வாசலில் நின்று கத்துவதும், பக்கத்து வீட்டுப் பெண் உள்ளே வந்து குழந்தையைத் தூக்கிக்கொள்வதும் வேறு வேறு பயனைத் தரும். மாட்டை விட்டுவிட்டு வா என்று சொல்வதற்கும், மாட்டுக்கும் மேடு இருக்கிறது வா என்று சொல்வதற்கும் இடையில் இருக்கும் தூரம் பெரிது. ஏழைக் குடும்பத்துக்கு மாடுதான் சேமிப்பு.

ஒடிசாவின் கதையும் ஏறத்தாழ இதுவே. 1999 அக்டோபர் 29 பெரும்புயலில் அரசுக் கணக்கின்படியே பத்தாயிரம் பேர் அளவில் இறந்தார்கள். ஜகத்சிங்பூர் மாவட்டத்தின் எரசமா வட்டாரத்தில் கடல் உள்ளே வந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அமைக்கப்பட்டது. 2013இல் ஃபைலின் புயலின்போது பத்து லட்சம் பேர் அளவிலும், 2019இல் ஃபனி புயலின்போது பன்னிரண்டு லட்சம் பேர் அளவிலும் இடம்பெயர்க்கப்பட்டார்கள். இறந்தோர் தொகை இரண்டிலும் நூறைத் தொடவில்லை. 2008இல் நர்கிஸ் புயல் மியான்மரின் ஐராவதிக் கழிமுகத்தைத் தாக்கியபோது, இந்திய வானிலைத் துறை முன்கூட்டியே அந்நாட்டுக்குத் தெரிவித்திருந்தும், 1,38,000 பேர் அளவில் இறந்தோ காணாமலோ போனார்கள். ஊர்வரை போகும் தொண்டர் வலையும் காப்பகமும் அங்கே இல்லை.

ஆனாலும் இந்த ஒப்பீடுகளை அப்படியே விழுங்குவது சரியாகாது. 2007இல் சித்ர் புயலில் வங்கதேசத்தில் 3,400 பேர் அளவில் இறந்ததை 1991 எண்ணிக்கையோடு வைத்துத் திட்டத்தின் வெற்றியாகக் காட்டுவது வழக்கம். சித்ர் கடந்தபோது வற்றுக் காலம் நெருங்கியிருந்தது. சுந்தரவனக் காடு தாக்குதலின் ஒரு பகுதியை ஏந்திக்கொண்டது. ஒவ்வொரு புயலும் வேறு, கரை வேறு, நேரம் வேறு. ஃபைலினின்போது வர மறுத்தவர்களைக் காவல்துறையினர் வற்புறுத்தி ஏற்றியதும் நடந்தது. இதில் கல்விக்கு எவ்வளவு பங்கு, கட்டடத்துக்கும் கட்டாயத்துக்கும் எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்லும் ஆய்வுமுறை இன்னும் கைகூடவில்லை.

ஊரின் நினைவு

அரசு கற்பிப்பதற்கு முன்பே கடலோரம் கற்றுவைத்திருப்பதை நம்ப வேண்டும் என்பது நான்காம் நிலைப்பாடு. இதற்கு எப்போதும் காட்டப்படும் சான்று சுமத்ராவுக்கு அப்பாலுள்ள சிமலூ தீவு. 1907 சுனாமிக்குப் பின் அங்கே தாலாட்டிலும் கதையிலும் தலைமுறைகளாக வந்த 'ஸ்மொங்' நினைவு, நிலம் நடுங்கிக் கடல் வற்றினால் மலைக்கு ஓடு என்று சொல்லிக்கொண்டே இருந்தது. 2004 டிசம்பர் 26இல் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்த அந்தத் தீவில் இறந்தவர்கள் ஏழு பேர்.

நெஞ்சைத் தொடும் எடுத்துக்காட்டுதான். ஆனால் சுனாமிக்கு நிலநடுக்கம் என்ற முன்னறிவிப்பு உண்டு. அதைப் பாட்டில் வைக்கலாம். புயலின் குறிகள் அவ்வளவு தெளிவானவை அல்ல. நம் கடற்கரையில் வாடை, கச்சான், கொண்டல் என்ற காற்றுகளுக்கு இடையே உள்ள வேறுபாட்டையும் நீவாடு என்ற கடல் நீரோட்டத்தின் போக்கையும் படித்து வளர்ந்த மீனவர்களின் அறிவு நுட்பமானது என்பதில் ஐயமில்லை. அந்த அறிவு கரையோரக் கடலில், ஒரே நாளில் போய்த் திரும்பும் தொழிலில் விளைந்தது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி, தாழ்வு மண்டலமாக இருந்து மிகக் குறுகிய நேரத்தில் புயலாக வலுத்தபோது, குமரி மாவட்டத்துத் தூத்தூர் வட்டாரத்தின் தங்குகடல் படகுகள் கரையிலிருந்து வெகுதொலைவில் இருந்தன. கரையில் சொன்ன எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. பழைய கடலறிவு அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. தமிழகத்திலும் கேரளத்திலுமாக முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தோ காணாமலோ போனார்கள். அதன் பின் செயற்கைக்கோள் வழியே சேதி தரும் கருவிகள் வந்தன. அவற்றில் சில சேதியை வாங்க மட்டுமே உதவும். படகிலிருந்து பதில் சொல்ல முடியாது.

நினைவு மங்குவதும் ஒரு சிக்கல். நாகை, வேதாரண்யம் கரை 1952, 1955, 1977 ஆண்டுகளில் கடும் புயல்களைக் கண்டது. அடுத்து அவ்வளவு கடுமையாக அங்கே கரையேறியது 2018இல் கஜா. இடையில் நாற்பத்தொரு ஆண்டுகள். ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்து பேரப்பிள்ளை எடுக்கும் காலம் அது. தனுஷ்கோடியைப் பார்க்க ஆண்டு முழுவதும் மக்கள் போகிறார்கள்; இடிந்த தேவாலயத்தின் முன் படம் எடுத்துக்கொள்கிறார்கள். கடல் எந்தப் பக்கமிருந்து, ஏன் அவ்வளவு உயரத்தில் வந்தது என்று தெரிந்துகொண்டு திரும்புகிறவர் எத்தனை பேர் என்பது கேட்கத்தக்க கேள்வி.

ஊரின் பலத்துக்கு வேறொரு வகைச் சான்றும் உண்டு. சிமலூவைவிட அது நமக்குப் பயன்படும் என்று தோன்றுகிறது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களின் இறுதியில் புதுச்சேரிக் கடலோரக் கிராமங்களில் அறிவு மையங்களை நிறுவியது. அலை உயரமும் காற்றும் நாள்தோறும் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டன. 2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரிலிருந்த நல்லவாடு கிராமத்துக்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் சுனாமிச் செய்தியைப் பார்த்து ஊருக்குத் தொலைபேசியில் சொன்னார். மையத்தின் ஒலிபெருக்கி உடனே முழங்கியது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் தப்பினார்கள். அந்த மையம் சுனாமியைப் பற்றிப் பாடம் நடத்தியதில்லை. நாள்தோறும் சின்னச் சின்னச் செய்திகளைச் சரியாகச் சொல்லிவந்ததால், பெரிய செய்தியை ஊர் ஒரு நொடியில் நம்பியது. பாம்பனில் மீனவர்களுக்காக 2016இல் தொடங்கிய 'கடல் ஓசை' சமுதாய வானொலியின் மதிப்பையும் இந்தக் கோணத்தில் பார்க்கலாம். மீன் விலையும் பாட்டும் சொல்லும் குரலே காற்றையும் சொல்லும்போது அது அந்நியக் குரலாக இருப்பதில்லை.

பள்ளி, வரைபடம், வண்ணம்

பள்ளியில் கற்பித்தால் வீடு கற்கும் என்பது உலகெங்கும் சொல்லப்படுவது. ஜப்பானின் கமாயிஷி நகரில் பேராசிரியர் கதாதா தோஷிதகா பல ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி அளித்தார். 2011 மார்ச் 11 சுனாமியில் அந்நகரின் மூவாயிரம் அளவிலான மாணவர்களில் ஏறக்குறைய அனைவரும் பிழைத்தார்கள். அவர் முதலில் கற்பித்தது அரசு தந்த அபாய வரைபடத்தை அப்படியே நம்பாதே என்பது. உனோசுமாய் பகுதிப் பள்ளிகள் வரைபடத்தின்படி வெள்ளம் எட்டாத இடத்தில் இருந்தன. பிள்ளைகள் அங்கேயே நிற்காமல் மேலே, இன்னும் மேலே ஓடினார்கள். இஷினோமாகியின் ஓகாவா தொடக்கப் பள்ளியும் வரைபடத்தின்படி பாதுகாப்பானதே. அங்கே பள்ளிக்குப் பின்னாலேயே குன்று இருந்தும் முடிவெடுக்கத் தாமதமாயிற்று. 74 பிள்ளைகளும் 10 ஆசிரியர்களும் மாண்டார்கள். பள்ளி நிர்வாகம் முன்கூட்டியே ஆயத்தம் செய்யாதது பிழை என்ற தீர்ப்பை 2019இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் நிலைநிறுத்தியது. இரு பள்ளிகளுக்கும் ஒரே வகைத் தகவல். ஒன்றில் அது ஐயத்தோடும் பழக்கத்தோடும் கற்பிக்கப்பட்டிருந்தது.

நம்மிடம் இப்போது வந்திருப்பது வண்ண எச்சரிக்கை. மஞ்சள் கவனித்திருக்க, ஆரஞ்சு ஆயத்தமாக, சிவப்பு செயலில் இறங்க. காற்று எத்தனை வேகம் என்பதோடு நில்லாமல் என்ன விளையும் என்று சொல்ல முயல்வது நல்ல மாற்றம். ஆயினும் சிவப்பு பெரும்பாலும் மாவட்டம் முழுவதற்கும் அறிவிக்கப்படுகிறது. ஒரே மாவட்டத்தில் மேட்டுத்தெருவும் இருக்கிறது, முகத்துவாரத்துக் குப்பமும் இருக்கிறது. 'ரெட் அலர்ட்' என்றதும் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி நாளைக்குப் பள்ளி உண்டா என்பதாக இருப்பது, அந்தச் சொல் செயலோடு இன்னும் ஒட்டவில்லை என்பதன் அறிகுறி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் ஆந்திராவின் பாபட்லா அருகே கரையைக் கடந்தது, மூழ்கியது சென்னை. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறியது. பெருமழை விழுப்புரம் மாவட்டத்தின் உட்பகுதிகளைப் புரட்டிப்போட்டது. 'எங்கே கடக்கும்' என்ற கேள்வியில் மட்டுமே பழகிய பொதுமக்களுக்கு இரண்டும் எதிர்பாராத அடி.

கற்க வேண்டியவர் யார் என்பதும் மாறிவருகிறது. புயலே இல்லாமல், தொலைதூரக் கடலில் எழும் பேரலைகளால் கரை மூழ்கும் 'கள்ளக்கடல்' குமரி, கேரள மீனவர்களுக்குத் தெரிந்த ஒன்று. 2024 மே தொடக்கத்தில் எச்சரிக்கை இருந்த நாட்களில் குமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தார்கள். கரைக்கு வந்துபோகும் சுற்றுலாப் பயணியும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதிதாகக் குடியேறியவரும் எந்த ஊர்ப் பஞ்சாயத்தின் நினைவிலும் இல்லாதவர்கள். தொண்டர் வலையோ சமுதாய வானொலியோ அவர்களை எளிதில் எட்டாது. கைப்பேசிச் சேதி எட்டும், பொருள் விளங்குமா என்பது வேறு.

தீராமல் இருப்பவை

இத்தனை விடைகளையும் எதிரெதிர் முகாம்களாக நிறுத்துவது இப்போது பொருந்தாது. போதிய உறுதியோடு சொல்லக்கூடியவை சில உண்டு. போக இடமும் கூட்டிப்போக ஆளும் இல்லாத இடத்தில் தகவல் மட்டும் உயிர்களைக் காத்ததற்குச் சான்று குறைவு. அவை இருக்கும் இடத்தில் தகவலின் தரம் பெரிதும் பயன் தருகிறது. அதிலும் நீரைப் பற்றிய தகவல், காற்றைப் பற்றிய தகவலைவிட. அன்றாடம் பேசும் குரலுக்கு ஆபத்து நாளில் செவிசாய்க்கப்படுகிறது என்பதற்கும் நல்ல அறிகுறிகள் தெரிகின்றன. இவற்றுக்கு அப்பால் நிலம் உறுதியாக இல்லை.

முதலில், வெற்றியை எதைக் கொண்டு அளப்பது? கஜாவின்போது எண்பதாயிரம் பேர் அளவில் முகாம்களுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். எச்சரிக்கையும் வெளியேற்றமும் பாராட்டப்பட்டன. திரும்பிப் போனவர்களில் பலருக்குப் படகு இல்லை, கூரை இல்லை. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னை வேர் பறிந்து கிடந்தது. புதுக் கன்று காய்க்க ஆண்டுகள் ஆகும். உயிர் காக்கப்பட்டது என்ற கணக்கில் இது வராது. அடுத்த முறை வலையையும் படகையும் விட்டு வா என்று சொல்லும்போது அந்த மனிதர் இதைத்தான் நினைப்பார். புயல் வருமுன்பே கையில் பணம் கொடுத்துவிடும் முறை வங்கதேசத்தில் ஆற்று வெள்ளத்துக்குச் சோதிக்கப்பட்டு ஊக்கம் தரும் முடிவுகளைக் கண்டிருக்கிறது. கடற்கரையில், சில மணி நேரத்தில் வலுக்கும் புயலுக்கு அது பொருந்துமா என்பது வேறு கேள்வி.

பொய்த்த எச்சரிக்கையின் விளைவு நம் கடற்கரையில் எப்படி என்பதும் அளக்கப்பட வேண்டியது. அதற்குப் புயல் முடிந்த மறுவாரம் எடுக்கும் கருத்துக்கணிப்பு போதாது. முகாமுக்குப் போனவர்கள், போகாதவர்கள், பாதி வழியில் திரும்பியவர்கள் ஆகியோரின் குடும்பங்களை அடுத்த புயல்வரை, அதற்கடுத்த புயல்வரை பின்தொடர வேண்டும். அத்தகைய நீண்ட ஆய்வுகள் அரிது. யார் வந்தார்கள் என்பதை முகாம் பதிவேடு சொல்கிறது. வீட்டிலேயே இருந்துவிட்டவர் யார், அவரிடம் யார் போய்ப் பேசினார்கள், அவர் என்ன பதில் சொன்னார் என்பதற்கும் ஒவ்வொரு குப்பத்திலும் ஒரு பதிவேடு வேண்டும். அதை வைத்திருக்க வேண்டியது வருவாய்த் துறையா, ஊர்ப் பஞ்சாயத்தா, தொண்டர் அமைப்பா என்ற கேள்வியிலிருந்து அடுத்த ஆய்வு தொடங்கலாம்.